ஏரியா போலீஸ் சேவை: யூஸ் பண்றவன் பார்வைல ஒரு ரிவ்யூ (5-க்கு 3)

ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதுறோம், மொபைலுக்கு எழுதுறோம், சார்ஜர் ஒயருக்கு கூட நாலு பாரா எழுதுறோம், வரிப்பணத்துல ஓடுற போலீஸுக்கு மட்டும் யாரும் எழுத மாட்டேங்குறோம். மொத்த போலீஸ் டிபார்ட்மென்ட்டுக்கும் எழுத எனக்கு தெம்பு இல்ல. ஒரே ஒரு ஐட்டத்துக்கு மட்டும் எழுதுறேன். ஏரியாவுக்குன்னு ஒரு போலீஸ்காரர ஒதுக்கி, அவர் நடந்தே ரோந்து வந்து, அப்பப்போ மக்கள கூட்டி மீட்டிங் போட்டு, திருட்டு வழிப்பறி அடாவடி இதெல்லாம் மக்களும் போலீஸும் சேர்ந்து குறைப்போம்னு சொல்றாங்களே, அந்த சேவை. கம்யூனிட்டி போலீசிங், நெய்பர்ஹுட் போலீசிங், பீட் சிஸ்டம்னு பேரு மட்டும் இடத்துக்கு இடம் மாறும், உள்ள இருக்கிற சரக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

5-க்கு 3 குடுத்திருக்கேன். ஆனா அது ஏமாத்துற நம்பர், முதல்லயே சொல்லிடறேன். ஒழுங்கா நடத்துனா இது 5, கண்துடைப்புக்கு நடத்துனா 1, ரெண்டயும் கூட்டி பாதியாக்கினா 3 வருது, அவ்வளவுதான் கணக்கு. நடுத்தரமான சேவைன்னு யாரும் எடுத்துக்காதீங்க, நடுத்தரமா நடக்குற இடமே ரொம்ப கம்மி.

முதல்ல ரோந்து. எல்லாருக்கும் ஆசை என்னன்னா, போலீஸ் வண்டி அடிக்கடி தெருவுல சுத்தணும். கூட்டத்துல யார கேட்டாலும் முதல் கோரிக்கை இதுதான், "சார் நைட்ல வண்டி வரவே மாட்டேங்குது". ஆனா இந்த ஆசைய 1972-லயே அமெரிக்காவுல கான்சஸ் சிட்டில டெஸ்ட் பண்ணி பாத்துட்டாங்க. 15 பீட்ட (பீட்னா ரோந்துக்குன்னு பிரிச்சு விட்ட சின்ன ஏரியா) மூணு குரூப்பா பிரிச்சு, ஒரு குரூப்ல வழக்கமான ரோந்தயே நிறுத்திட்டு போன் வந்தா மட்டும் போனாங்க, இன்னொண்ணுல எப்பவும் போல விட்டாங்க, மூணாவதுல ரோந்த ரெண்டு மூணு மடங்கு ஏத்துனாங்க. ஒரு வருஷம் ஓட்டி பாத்தா மூணுலயும் குற்றம் பெருசா மாறவே இல்ல, அத விட காமெடி என்னன்னா அங்க குடியிருந்த ஜனங்களுக்கு ரோந்து கூடுனதும் தெரியல குறைஞ்சதும் தெரியல. கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு கார்ல போற போலீஸ்காரர யாருக்கு தெரியும், அவருக்கு யார தெரியும்?

சரி இறங்கி நடந்தா? 1978-79 வாக்குல நியூஜெர்சில நூவர்க்னு ஒரு ஊர்ல அதயும் பாத்தாங்க. நடந்து வந்ததும் ஜனங்க கவனிச்சாங்க, பயம் குறைஞ்சுது, போலீஸ் மேல அபிப்ராயம் நல்லாச்சு, ஆனா குற்ற எண்ணிக்கை அசையல. அப்போ இது வெறும் ஷோதானேன்னு கேக்கறவங்க இருக்காங்க. எனக்கு அப்படி தோணல. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வீட்ட விட்டு வெளிய வர பயப்படுற ஒரு பெரியம்மா தைரியமா கடை வரைக்கும் நடந்து போய்ட்டு வந்தா அதுவே ஒரு பலன்தான், குற்றப் பதிவேட்டுல அது வராது, அதுக்காக இல்லன்னு ஆயிடுமா. இருந்தாலும் திருட்டு குறையும்னு சொல்லி வித்த சரக்கு திருட்ட குறைக்கலன்னா மார்க் குறைக்கத்தான் வேணும்.

2009 கோடைல ஃபிலடெல்ஃபியால கொஞ்சம் புத்திசாலித்தனமா பண்ணாங்க. ஊர் முழுக்க நடக்காம, அடிதடி துப்பாக்கிச்சூடு எங்க குவியுதுன்னு மேப் போட்டு, அதுல 60 இடத்துக்கு மட்டும் நடந்து ரோந்து போக போலீஸ அனுப்பி, அதே மாதிரி இன்னொரு 60 இடத்த ஒண்ணும் பண்ணாம விட்டு ஒப்பிட்டு பாத்தாங்க. பன்னெண்டு வாரத்துல வன்முறைக் குற்றம் 23 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அப்புறம் போலீஸ வாபஸ் வாங்குனதும் அந்தப் பலனும் கூடவே போயிடுச்சு. இந்த ரெண்டாவது பகுதிய யாரும் போஸ்டர்ல போட மாட்டாங்க.

எங்க நடக்கணும்ங்கறதுதான் முக்கால்வாசி விஷயம்னு இதுல தெரியுது. மினியாபொலிஸ்ல போலீஸுக்கு வந்த போன் கால எல்லாம் முகவரி வாரியா அடுக்கி பாத்தப்போ (1989-ல வந்த ஆய்வு இது), வெறும் 3 சதவீத முகவரிலேர்ந்துதான் பாதிக்குப் பாதி கால் வந்திருக்கு. அதாவது உங்க ஏரியா மோசம்னு நீங்க நெனைக்கிறது நெஜத்துல ஏரியா இல்ல, அந்த ஒரு முட்டுச்சந்து, அந்த ஒரு பார், பூட்டிக் கெடக்கிற அந்த ஒரு வீடு. அந்த இடத்துலயும் நாள் பூரா உக்காந்திருக்க வேண்டியதில்ல, போலீஸ் ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நின்னுட்டு போனா அவங்க போனதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அமைதி நீடிக்குதுன்னு 1995-ல கோப்பர்னு ஒருத்தர் கணக்கு பாத்து சொன்னாரு, அதுக்கு மேல நின்னா கூடுதல் லாபம் குறைஞ்சுகிட்டே வருதாம். அதனால "இருபத்திநாலு மணி நேரமும் ரோந்து வேணும்"னு மனு குடுக்கிறத விட "இந்த மூலைல இத்தன மணிக்கு ஒருத்தர் வந்து நிக்கணும்"னு குடுக்கிறது ஆயிரம் மடங்கு உருப்படியான மனு.

ரோந்துக்கு தனியா மார்க் போட்டா 5-க்கு 3. இடம் பாத்து நடந்தா 4.

அடுத்து ஆளு. என்னைக் கேட்டா இந்த சேவைல நெஜமான சரக்கே இங்கதான் இருக்கு. அதே ஆள் திரும்பத் திரும்ப வரணும். ஜப்பான்ல கோபான்னு தெருமுனைல சின்னச் சின்ன போலீஸ் பெட்டி, 1874-ல டோக்கியோல ஆரம்பிச்ச விஷயம், இன்னிக்கும் நாடு முழுக்க ஆயிரக்கணக்குல இருக்கு. வழி கேக்கலாம், தொலைஞ்ச குடைய போய் கேக்கலாம், அங்க இருக்கிற போலீஸ்காரர் வீடு வீடா போய் யார் இருக்காங்க என்ன கஷ்டம்னு விசாரிச்சுட்டு வருவாரு. கிராமப்பக்கம் சூசைஷோன்னு இன்னொரு வகை, அங்க போலீஸ்காரர் குடும்பத்தோட அந்த ஸ்டேஷன்லயே குடியிருப்பாரு. பொண்டாட்டி புள்ளைங்களோட அதே ஊர்ல வாழுற ஆளு அந்த ஊர்க்காரன்கிட்ட எப்படி பேசுவாரு, வெளியூர்லேர்ந்து ஷிஃப்ட்டுக்கு வர்ற ஆளு எப்படி பேசுவாருன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஆனா இத அப்படியே எல்லா ஊருக்கும் தூக்கிட்டு வந்துடலாம்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல. போலீஸ் வீட்டுக் கதவ தட்டுனா சந்தோஷப்படுற ஊரும் இருக்கு, அடுப்ப அணைச்சுட்டு பின்வாசல் வழியா ஓடுற ஊரும் இருக்கு.

அந்தக் கதவு தட்டுற விஷயத்துலயே 2019-ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, அமெரிக்காவுல நியூ ஹேவன்ல பண்ணது. யூனிஃபார்ம் போட்ட போலீஸ்காரர் வீட்டுக்குப் போய், எந்த கேஸுக்காகவும் இல்ல, சும்மா "நான்தான் உங்க ஏரியாவுக்கு, உங்களுக்கு என்ன பிரச்சினை"ன்னு கேட்டு தன்னோட நம்பர் இருக்கிற கார்ட குடுத்துட்டு வந்தாரு. அந்த ஒரே ஒரு சந்திப்புக்கே போலீஸ் மேல இருந்த மனநிலை மாறி, மூணு வாரம் கழிச்சு கேட்டப்பவும் அந்த மாற்றம் அப்படியே இருந்துச்சு. செலவு? ஒரு கார்டும் கொஞ்ச நேரமும்.

இப்ப கெட்ட செய்தி. 2021-ல சயின்ஸ் பத்திரிகைல பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டான்னு ஆறு நாட்டுல ஒரே நேரத்துல பண்ண பெரிய சோதனையோட முடிவு வந்துச்சு. கம்யூனிட்டி போலீசிங் கொண்டு வந்ததால குற்றமும் குறையல, போலீஸ் மேல நம்பிக்கையும் கூடல. மொத்தமா பூஜ்யம். இத வெச்சு "பாத்தியா, எல்லாம் டுபாக்கூர்"னு ஃபார்வர்ட் பண்ணவங்க நெறைய பேர், ஆனா அந்த ஆராய்ச்சியாளர்களே காரணம் என்னவா இருக்கும்னு சொன்னத யாரும் படிக்கல. மேல இருக்கிற அதிகாரிங்களுக்கு இதுல பெருசா அக்கறை இல்ல, ஆள அடிக்கடி மாத்திட்டாங்க, ஜனங்க சொன்ன பிரச்சினைய தீர்க்க காசும் வண்டியும் ஆளும் இல்ல. இந்த மூணும் இல்லாம இந்த சேவைல மிச்சம் என்ன இருக்கு? ஒரு பேனரும் பிளாஸ்டிக் நாற்காலியும்.

டிரான்ஸ்ஃபர் பத்தி எனக்கு தனி வயித்தெரிச்சலே இருக்கு. ஒரு போலீஸ்காரருக்கு எந்த வீட்டு பையன் ராத்திரி எங்க உக்காருவான், எந்தக் கடைக்காரர் உண்மை பேசுவாரு, எந்த சண்டை வாய்ச்சண்டை எது வெட்டுக்குத்து வரைக்கும் போகும்னு பிடிபடவே மாசக்கணக்குல ஆகும். பிடிபட்டு முடியும்போது ஆர்டர் வந்துடும். புதுசா வர்றவர் நல்லவராவே இருக்கட்டும், அவருக்கு ஒரு நோட்டுப்புத்தகம் கூட பழையவர்கிட்டேர்ந்து கைமாறி வர்றதில்ல. நாங்க இருக்கிற பக்கம் (ஸ்டேஷன் பேர சொல்லல, சொன்னா நாளைக்கு நான்தான் போய் நிக்கணும்) இது நடந்துகிட்டே இருக்கு, ஒவ்வொரு புது ஆள்கிட்டயும் அதே தெருவிளக்கு கதைய முதல்லேர்ந்து சொல்றோம். அவரும் முதல்லேர்ந்து குறிச்சுக்கறாரு.

மீட்டிங்குக்கு வர்றேன். இது பத்தி கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

சிகாகோல 1993-ல அஞ்சு டிஸ்ட்ரிக்ட்ல சோதனையா ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துல ஊர் முழுக்க கொண்டு வந்த திட்டம் ஒண்ணு உண்டு, கேப்ஸ்னு சுருக்கமா சொல்லுவாங்க. பீட் பீட்டா மாசா மாசம் கூட்டம், அந்த பீட்ல வேலை பாக்கற போலீஸ்காரங்களே வந்து உக்காரணும். வெஸ்லி ஸ்கோகன்னு ஒரு பேராசிரியர் வருஷக்கணக்கா கூடவே இருந்து கவனிச்சு எழுதினாரு. மத்த ஊர் கூட்டத்துக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம், கூட்டத்துல ஜனங்க சொன்னது போலீஸ் வேலையே இல்லன்னாலும் அத நகராட்சி வேலையா மாத்தி அனுப்ப ஒரு வழி வெச்சிருந்தாங்க. இடிஞ்ச கட்டிடம், எரியாத விளக்கு, கேட்பாரில்லாம நிக்கிற கார், சுவர்ல கிறுக்கல், இதுக்கெல்லாம் பீட் போலீஸ்காரர் ஒரு ஃபார்ம் போட்டா அதுக்கு முன்னுரிமை குடுத்து நகராட்சி ஆள் வரணும். ஜனங்க வாயத் திறந்தா முதல்ல வர்றது கொலை கொள்ளை இல்லங்க, விளக்கு, குப்பை, குடிச்சிட்டு கத்துறவன், இதுதான். "இது என் டிபார்ட்மென்ட் இல்லம்மா"ன்னு ஒரு பதில் வந்தா அந்தம்மா அடுத்த கூட்டத்துக்கு வராது, அந்தம்மாவோட சேர்ந்து அந்தத் தெருவுல நடக்கிற எல்லாத் தகவலும் வராது.

சிகாகோலயே குறையும் இருந்துச்சு. கூட்டத்துக்கு வர்றவங்க பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரங்க, வயசானவங்க. வாடகைக்கு இருக்கறவங்களும், இங்கிலீஷ் சரளமா வராத லத்தீன் அமெரிக்க குடும்பங்களும் அவ்வளவா எட்டிப் பாக்கல. எங்கயும் இதே கதைதான். நாலு நரச்ச தலை முன்வரிசைல உக்காந்து "இந்தப் பசங்க ராத்திரி பத்து மணிக்கு மேல பைக்ல சத்தம் போடுறானுங்க"ன்னு ஆரம்பிப்பாங்க, அந்தப் பசங்க யாரும் ரூம்ல இல்ல, அவங்கள அதிகமா நிறுத்தி செக் பண்றது, அவங்க போன பிடுங்கிப் பாக்குறது, அவங்கதான் அடிக்கடி வழிப்பறிக்கும் ஆளாகுறது, இது எதுவும் அந்த மேஜைக்கு வரவே வராது. அப்புறம் "மக்கள் கருத்த கேட்டோம்"னு ரிப்போர்ட்ல எழுதிக்கறாங்க. எந்த மக்கள்?

இதுக்கு வழி இல்லாம இல்ல. கூட்டத்துக்கு ஜனங்க வரலன்னா போலீஸ் போகணும், ஸ்கூல் வாசலுக்கு, பஸ் ஸ்டாப்புக்கு, ஆட்டோ நிக்கிற இடத்துக்கு, பசங்க விளையாடுற கிரவுண்டுக்கு. அங்க போய் ஸ்பீச் குடுக்கக்கூடாது, கேக்கணும். இதெல்லாம் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்ல, ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால்ல கூட்டம் போட்டு கையெழுத்து வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு இருக்கறப்போ எவன் கிரவுண்டுக்கு போவான்.

ஒரு கூட்டம் நல்ல கூட்டமா இல்லயான்னு கண்டுபிடிக்க ஒரே வழிதான் வெச்சிருக்கேன். போன தடவ சொன்னது என்னாச்சுன்னு அவங்களே முதல்ல சொல்றாங்களா? முடிஞ்சுதுன்னு சொல்லணும்னு இல்ல. "அந்த காலி மனை ஓனர் வெளிநாட்டுல இருக்காரு, நோட்டீஸ் போயிருக்கு, பதில் வரல, அடுத்து இத பண்ணப் போறோம்"னு சொன்னா போதும், எனக்கு முழு திருப்தி. இங்கிலாந்துல 2003-லேர்ந்து 2005 வரைக்கும் சில வார்டுகள்ல இத சோதனையா ஓட்டினாங்க, கண்ணுல படுற ரோந்து, மக்களே பிரச்சினைய தேர்ந்தெடுக்கிறது, அந்தப் பிரச்சினைய தீர்த்து காட்டுறது, மூணயும் சேர்த்து. ஒரு வருஷத்துல போலீஸ் நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னவங்க அளவு சோதனை நடந்த இடங்கள்ல 15 புள்ளி ஏறுச்சு, மத்த இடங்கள்ல 3 தான். நல்லா போகுதுன்னு 2008-க்குள்ள நாடு முழுக்க விரிச்சாங்க. 2010-க்கு அப்புறம் பட்ஜெட் வெட்டு வந்துச்சு, முதல்ல கை வெச்சது இதுலதான். கைது அதிகாரம் இல்லாம தெருவுல நடந்து பேசுறதுக்குன்னே 2002 சட்டத்துல உருவாக்கின பி.சி.எஸ்.ஓ ஆளுங்க 2010-ல 16,000-க்கு மேல இருந்தாங்க, பின்னாடி அது பாதியாயிடுச்சு. ஆம்புலன்ஸ நிறுத்துனா அன்னிக்கே சத்தம் வரும், இவங்கள நிறுத்துனா சத்தமே வராது, அதான் வெட்டுறவங்களுக்கு இது வசதி.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. பிரச்சினைய தீர்க்கிறது.

வட இங்கிலாந்துல ராச்டேல் பக்கம் கிர்க்ஹோல்ட்னு ஒரு குடியிருப்பு, 1980-கள் நடுவுல வீடு உடைச்சு திருடுறது அங்க கன்னாபின்னான்னு இருந்துச்சு. வழக்கமா என்ன பண்ணுவாங்க, ரோந்த ஏத்துவாங்க, ரெண்டு பேர பிடிப்பாங்க, பேப்பர்ல போட்டோ வரும். இங்க அப்படி பண்ணாம முதல்ல உக்காந்து கேட்டாங்க. திருட்டு போன வீட்டுக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, அதோட பிடிபட்ட திருடங்ககிட்டயே எப்படி வீட்ட தேர்ந்தெடுக்குறேன்னு கேட்டாங்க. அதுல வெளிய வந்தது ரெண்டு விஷயம். ஒண்ணு, ஒரு தடவ திருட்டு போன வீட்டுல மறுபடியும் திருட்டு போக மத்த வீட்ட விட நாலு மடங்கு வாய்ப்பு. திருடனுக்கு வழி தெரிஞ்சுடுச்சு, என்ன விட்டுட்டு வந்தோம்னும் தெரியும், வேற எங்க போவான். ரெண்டாவது, அங்க கேஸுக்கும் கரண்டுக்கும் காசு போட்டா ஓடுற மீட்டர் வீட்டுக்குள்ளயே இருக்கும், அதுல எப்பவும் சில்லறை இருக்கும்னு திருடனுக்கு உத்தரவாதம். ஒவ்வொரு வீட்டுலயும் உண்டியல் வெச்சிருந்த மாதிரி.

மீட்டர கழட்டி மாத்துனாங்க. திருட்டு போன வீட்டுக்கு உடனே பூட்டு கதவெல்லாம் பலப்படுத்துனாங்க. அப்புறம் அந்த வீட்ட சுத்தி இருக்கிற ஒரு ஆறு வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் பேசி, கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டு மேல ஒரு கண்ணு வெச்சுக்கோங்கன்னு கேட்டாங்க. ஊர் முழுக்க குழு, அடையாள அட்டை, விசில், தொப்பி எதுவும் கிடையாது. ஆறு வீடு, கொஞ்ச நாள், ஒரு குறிப்பிட்ட வீடு. ஆரம்பிச்சு அஞ்சு மாசத்துக்குள்ள திருட்டு முன்னாடி இருந்ததுல 40 சதவீதமா இறங்குச்சு, அதே வீட்டுல மறுபடி திருடுறது பூஜ்யத்துக்கே வந்துச்சு. மக்கள் பங்களிப்புன்னா இதுதான் எனக்குத் தெரிஞ்சு அழகான உதாரணம், ஏன்னா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கேட்டது அவங்களால செய்யக்கூடிய வேலை. பறந்து பறந்து அடிக்கச் சொல்லல, எட்டிப் பாக்கச் சொன்னாங்க. அத நாம சும்மாவே பண்ணுவோம்.

இது மாதிரி இன்னும் இருக்கு. நியூயார்க்ல 2016-ல அரசு குடியிருப்புகள்ல சிலத குலுக்கல் முறைல தேர்ந்தெடுத்து பெரிய விளக்குக் கோபுரம் வெச்சதுல ராத்திரி வெளிய நடக்குற பெருங்குற்றங்கள் 36 சதவீதம் வரைக்கும் குறைஞ்சுது. ஃபிலடெல்ஃபியால குப்பை கொட்டிக் கெடந்த காலி மனைகள சுத்தம் பண்ணி புல்லு போட்டு சின்ன வேலி கட்டினதுல, வறுமை அதிகமான பகுதிகள்ல துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2018-ல வந்துச்சு. இதுக்கெல்லாம் லத்தி எங்க தேவைப்பட்டுச்சு? ஆனா எந்த மனை, எந்த மூலைன்னு சொல்ல அங்க நடமாடுறவங்க வேணும். அங்கதான் நாம வர்றோம்.

பிரச்சினை தீர்க்கிற பகுதிக்கு 5. யோசிக்கவே இல்ல.

அடுத்தது ஏரியா காவல் குழு, அதோட கூடப்பிறந்த வாட்ஸ்அப் குரூப். நெய்பர்ஹுட் வாட்ச்ங்கிறது அமெரிக்காவுல ஷெரிஃப்கள் சங்கம் 1972-ல நாடு தழுவின திட்டமா எடுத்துட்டுப் போனது, இங்கிலாந்துல 1982-ல செஷையர்ல மாலிங்டன்னு ஒரு கிராமத்துல ஆரம்பிச்சுது. 2008-ல பழைய ஆய்வெல்லாம் சேர்த்து பாத்ததுல, இது இருக்கிற இடத்துல குற்றம் 16-லேர்ந்து 26 சதவீதம் வரைக்கும் குறைஞ்சதா வந்துச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் என்னன்னா இந்தக் குழு சுலபமா முளைக்கிறது ஏற்கனவே ஒழுங்கா இருக்கிற, ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்ச, குற்றம் கம்மியான தெருவுலதான். எங்க ரொம்ப தேவையோ அங்க ராத்திரி வேலை முடிச்சு பன்னெண்டு மணிக்கு வீட்டுக்கு வர்றவன் எப்ப குழு சேருவான், அப்படியே சேர்ந்தாலும் ரவுடி பேர சொல்லிட்டு அதே தெருவுல எப்படி குடியிருப்பான்.

1997-ல சிகாகோல 343 பகுதிகள்ல பண்ண ஆய்வு ஒண்ணு சொல்றது, ஒருத்தர ஒருத்தர் நம்புறதும், பையன் ஸ்கூல் கட் அடிச்சுட்டு சுத்துனா யாராவது ஒருத்தர் தட்டிக் கேப்பாங்கங்கிற எதிர்பார்ப்பும் இருக்கிற இடத்துல வன்முறை கம்மி, வறுமைய எல்லாம் கணக்குல எடுத்த பிறகும் அப்படித்தான். அதனால குழு பேரு, லோகோவ விட பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியுமாங்கிறது முக்கியம். குரூப்ல ஐநூறு பேர் இருப்போம், எதிர்வீட்டுல யாருன்னு தெரியாது.

குரூப்புக்கு மார்க் போட எனக்கு மனசே வரல. தெருவுல புதுசா ஒருத்தர் நடந்தா போட்டோ, கூரியர் பையன் ரெண்டு தடவ பெல் அடிச்சா போட்டோ, பழைய பேப்பர் எடுக்க வர்றவங்கள பத்தி வாய்ஸ் நோட், "புள்ள பிடிக்கிறவங்க நடமாட்டம்"னு எங்கயோ எப்பவோ வந்த வீடியோ. யாரோ ஒருத்தர் நடந்து போறத சந்தேகம்னு போடுறோமே, அவர் என்ன செஞ்சாருன்னு கேட்டா பதில் இருக்காது, எப்படி இருந்தாருங்கிறதுதான் இருக்கும். அமெரிக்காவுல நெக்ஸ்ட்டோர்னு ஏரியாக்காரங்க பேசிக்கிற ஆப்ல இதே கூத்து நடந்து, கறுப்பினத்தவர் நடந்து போனாலே சந்தேகம்னு போஸ்ட் வருதுன்னு ஓக்லண்ட்ல எதிர்ப்பு கிளம்பி, கடைசில 2016-ல அவங்க புகார் ஃபார்மையே மாத்த வேண்டி வந்துச்சு, இனத்த மட்டும் எழுதினா போதாது, என்ன செஞ்சாரு, என்ன உடுத்தியிருந்தாருன்னும் எழுதணும்னு. ஒரு சின்ன ஃபார்ம் மாற்றம்தான். நம்ம குரூப் அட்மின்களும் "என்ன செஞ்சாரு?"ன்னு ஒரு கேள்விய பின் பண்ணி வெக்கலாம், பாதி மெசேஜ் குறைஞ்சுடும்.

இது விளையாட்டு இல்ல. 2012 பிப்ரவரில ஃப்ளோரிடா சான்ஃபோர்ட்ல ஏரியா காவல் குழு தன்னார்வலர் ஒருத்தர், மழைல நடந்து போய்கிட்டிருந்த ட்ரேவான் மார்ட்டின்னு 17 வயசு பையன சந்தேகப்பட்டு போலீஸுக்கு போன் பண்ணாரு, பின்தொடர வேண்டாம்னு போன்ல இருந்தவங்க சொல்லியும் அது துப்பாக்கிச்சூட்டுல போய் முடிஞ்சுது. பையன் கைல ஆயுதம் எதுவும் இல்ல. அடுத்த வருஷம் ஜூரி அந்த ஆள விடுதலை பண்ணிடுச்சு, அது தனி விவாதம். எனக்கு இதுல ஒரே சட்டம்தான்: பாக்கலாம், குறிச்சுக்கலாம், போன் பண்ணலாம், துரத்தக்கூடாது, பிடிச்சு கட்டிப் போடக்கூடாது, கை வெக்கக்கூடாது. இந்த வரிய எழுதி ஒட்டாத குழுல சேராதீங்க.

தகவல் குடுக்கிறது பத்தியும் சொல்லணும். நம்ம ஆளுங்க வாய் திறக்காததுக்கு அக்கறை இல்லாதது காரணம் இல்ல, பேர் வெளிய போயிடும்ங்கிற பயம். காலைல புகார் குடுத்தா சாயங்காலம் அந்தாளே வீட்டு முன்னாடி வந்து நின்னு "என்னமோ சொன்னீங்களாமே"ன்னு கேட்ட கதை எல்லா ஊர்லயும் உண்டு. மொட்டக்கடுதாசி காலத்துலேர்ந்து இதுக்கு ஒரு வழி தேடிக்கிட்டே இருக்கோம். 1976-ல நியூ மெக்சிகோல ஆல்புகர்க்கில ஒரு கொலை வழக்கு நகராம நின்னப்போ, ஒரு துப்பறியும் போலீஸ்காரர் சம்பவத்த நடிச்சு டிவில போட்டு, பேர் சொல்ல வேணாம், தகவல் மட்டும் சொல்லுங்க, சன்மானம் உண்டுன்னு கேட்டாரு, துப்பு வந்துச்சு, கேஸும் முடிஞ்சுது. அப்படித்தான் க்ரைம் ஸ்டாப்பர்ஸ் பொறந்துச்சு, இப்ப பல நாட்டுல இருக்கு. இதுலயும் ஆபத்து இருக்கு, பேர் கேக்காத நம்பர்ல பழிவாங்குற புகாரும் வரும், அதனால அத வெச்சு நேரா போய் தூக்காம விசாரிக்கிற பொறுமை போலீஸுக்கு வேணும். உங்க ஏரியா போலீஸ்காரர் தகவல் குடுத்தவர் பேர ஒரு தடவ உளறினா போதும், அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு யாரும் பேச மாட்டாங்க.

மொத்தத்துல இந்த சேவை குற்றத்த குறைக்குதா? 2014-ல பழைய ஆய்வுகள எல்லாம் சேர்த்துப் போட்டதுல, திருப்தியும் போலீஸ் மேல மரியாதையும் கூடுது, குற்றத்துலயும் பயத்துலயும் பெருசா தாக்கம் தெரியலன்னு வந்துச்சு. எனக்கு இது ஆச்சரியமா இல்ல. கம்யூனிட்டி போலீசிங்னு போர்டு மாட்டினதெல்லாம் அந்தக் கணக்குல ஒண்ணாத்தான் வருது, மீட்டர கழட்டினவங்களும் டீ குடுத்து அனுப்பினவங்களும்.

உங்க பக்கம் இது ஆரம்பிக்கறாங்கன்னா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் கேட்டு வெச்சுக்கோங்க. வர்ற ஆளு எவ்வளவு நாள் இருப்பாரு, மாறுனா அடுத்தவருக்கு விவரம் எப்படி போகும்? விளக்கு குப்பை மாதிரி விஷயத்த நகராட்சிக்கு தள்ள அவருக்கு அதிகாரம் இருக்கா? பிரச்சினைய தேர்ந்தெடுக்கிறது நாமளா அவங்களா? சொன்னதுக்கு பதில் எத்தன நாள்ல, யார் வாயிலேர்ந்து வரும்? இதுல பாதிக்கு உருப்படியான பதில் வந்தாலே நேரம் ஒதுக்கலாம். "எல்லாம் மேலிடம் பாத்துக்கும்"னு வந்தா வீட்டுல உக்காந்து பூட்ட மாத்துங்க, அது இத விட பிரயோஜனம்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் இந்த சேவைய யூஸ் பண்ணாதீங்க. வீட்டுக்குள்ள அடி உதை, புள்ளைங்கள துன்புறுத்துறது, யாராவது பின்தொடர்ந்து வந்து மிரட்டுறது, இதெல்லாம் ஏரியா கூட்டத்துலயோ குரூப்லயோ பேசுற சமாச்சாரம் இல்ல. அந்தாளே அந்தக் கூட்டத்துல முன்வரிசைல உக்காந்திருக்கலாம், குரூப் அட்மினாவும் இருக்கலாம். அதுக்கு அவசர நம்பர், உதவி மையம், இல்லன்னா அந்தப் பீட் போலீஸ்காரர தனியா பாத்து பேசுறது. பாதிக்கப்பட்டவங்ககிட்ட கேக்காம பக்கத்து வீட்டுக்காரங்க நல்லது பண்றேன்னு கிளம்பி விஷயத்த தெருவுக்கு கொண்டு வந்துடாதீங்க, போன் மட்டும் பண்ணுங்க.